நான்காம் கம்புக்கும் ஐந்தாம் கம்புக்கும் இடையில்

நம் வயதுக்காரர் எல்லோரிடமும் அந்த வருடத்துக் கொப்பி ஒன்று எங்காவது கிடக்கும். நிவாரணத்தில் தந்தது. நீல மட்டை, பின்பக்கத்தில் நமக்கு விளங்காத ஏதோ மொழியில் ஒரு வாழ்த்து. என்னுடையது அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. முதல் நான்கு தாளின் ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது. எழுத்துவரை வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்தடியில் தூண்டில் போடும் பொடியன்கள் சிலர் கையுறை மாட்டிக்கொண்டு கரையில் குப்பை பொறுக்கினார்கள். சோடாப் போத்தல், சோற்றுப் பொதி சுற்றிய லஞ்ச் சீற், அறுந்து சிக்குப்பட்ட தங்கூசி என்கிற தூண்டில் நைலோன் நூல். தாங்கள் மீன் பிடிக்கிற இடத்தைத் தாங்களே துப்புரவாக்குவது இந்த வாவியில் இதுதான் முதல் தடவை என்று அவர்களில் ஒருவன் சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன்.

கடல் வந்துபோன வருடம் எனக்குப் பதினான்கு வயது. நாங்கள் வாவியின் இந்தக் கரையில் இருந்தோம். எதிர்க்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த மணல் திட்டியில் சின்னம்மாவின் வீடு. சுனாமி வந்த ஞாயிறு காலை அம்மா தோணியேறி அங்கே போனார். கையில் ஒரு தயிர்ச் சட்டி, கக்கத்தில் குடை. சின்னம்மாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அம்மாவுடையது கிடைக்கவில்லை.

குடையைப் பற்றி இங்கேயே எழுதிவிடுகிறேன். கறுப்பு, நீளக் குடை, எட்டுக் கம்பி. ஒரு கம்பி மூட்டில் கழன்றுபோக, அப்பா அதைத் தங்கூசியால் சுற்றி, தூண்டிலுக்குப் போடும் முடிச்சையே போட்டிருந்தார். தூண்டில்காரர் ஒவ்வொருவருக்கும் முடிச்சு வேறு. அப்பாவுடையது ஐந்து சுற்று. கடைசிச் சுற்றை உள்ளுக்குள் திருப்பிவிடுவார். பெரியப்பா அதை வைத்துப் பகிடி பண்ணுவார்.

"குடையோட மீன் பிடிக்கப் போறியோ புள்ள, கலியாண வீட்டுக்குப் போறியோ?"

"மழை வந்தா நீங்களும் இதுக்குள்ளதான் வரவேணும்," என்பார் அம்மா.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். எங்கள் கரையில் பதினொரு தூண்டில்காரர் இருந்தார்கள். அவர்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. யாரும் தெரிவுசெய்து வந்ததல்ல. குரல் பெரிது, அவ்வளவுதான்.

அந்தத் தை மாதம் மீனை யாரும் வாங்கவில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். சனம் சோயா மீற்றும் பருப்பும் டின்மீனும் தின்றது. சந்தையில் மீன் விற்கும் அக்கா வெறும் பலகைக்கு முன்னால் குந்தியிருந்தா. பலகையைக் கழுவுவதை மட்டும் அவ நிறுத்தவில்லை. டின்மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, "அந்த டின்னுக்குள்ள இருக்கிறது என்ன, மரத்தில காய்ச்சதோ?" என்று கேட்பா. ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வாவிக்குள் என்ன கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மணல் திட்டியில் இருந்த வீடுகள் முழுவதையும் கடல் இந்தப் பக்கம்தான் தள்ளிவிட்டிருந்தது. பெரியப்பா தூண்டில்காரரைக் கூட்டினார்.

"நாம பிடிக்கிற தண்ணிய நாமதான் துப்புரவாக்க வேணும். ஆமிக்காரன் வந்து அள்ளித் தருவான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கேலாது. அள்ளிக் கரையில குவிப்பம். சனம் கண்ணால கண்டா, இனித் தண்ணிக்குள்ள ஒண்டும் இல்ல எண்டு நம்பும். பிறகு மீனும் வாங்கும்."

எல்லோரும் ஓம் என்றார்கள். அப்பா கடைசியில் ஓம் என்றார்.

வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். தண்ணீர் கலங்கி, கையளவு ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மூழ்கிச் சுழியோடுகிறவர்களும் இல்லை. கரையிலிருந்து வாவிக்குள் நேராக ஒன்பது கம்புகளை நட்டு, வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம் போட்டார்கள். ஒவ்வொரு தோணியிலும் ஒருவர் தங்கூசியின் நுனியில் ஈயக்கட்டியைக் கட்டி இறக்கி, அடியில் மெதுவாக இழுப்பார். ஈயம் எதில் தட்டுகிறது என்பதை விரல் சொல்லும். சீலை என்றால் ஈயம் அமுங்கி நிற்கும். பலகை என்றால் டொக்கென்று ஒரு தரம். தகரம் என்றால் தங்கூசி நடுங்கும். அவர் பொருளின் பெயரைச் சொல்ல, மற்றவர் நாலு முள்ளுக் கொழுக்கியைப் போட்டு இழுப்பார். கொழுக்கிகளை இரும்பு ஒட்டுக்கடைக்காரர் கொங்கிறீற் கம்பியில் வளைத்துத் தந்தார்.

பதினொரு பேரில் அப்பாவின் விரலுக்கு நிகர் இல்லை. கெளிறு இரையை முகர்ந்துவிட்டுப் போனால்கூடத் தனக்குத் தெரியும் என்பார். மற்றவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் தங்கூசியை அவரிடம்தான் கொடுப்பார்கள்.

என் கையெழுத்து ஒழுங்காக இருக்கும் என்பதால் பெரியப்பா என்னைத் தோணியில் ஏற்றி எழுத வைத்தார். பள்ளிக்கூடத்தில் அப்போது அகதிகள் இருந்தார்கள், வகுப்பு இல்லை. எந்தக் கம்புகளுக்கு இடையில், என்ன, எடுத்ததா விட்டதா. விட்டதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வலைகாரர் வலை கிழிந்து ஏசுவார்கள். முதல் பக்கம் இப்படிப் போகிறது:

ஒன்று–இரண்டு: கூரைத் தகரம். எடுத்தது.
ஒன்று–இரண்டு: கதவு, பச்சை, பூட்டுடன். எடுத்தது.
இரண்டு–மூன்று: தையல் மெசின், கால் இல்லாதது. எடுத்தது.
இரண்டு–மூன்று: தென்னங்குற்றி. விட்டது.

இந்த வரிகளை வாசிக்கும்போது எனக்குச் சேற்று மணமும் மண்ணெண்ணெய் மணமும் பிளீச்சிங் பவுடர் மணமும் வருகின்றன. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அந்த மாதங்களில் நான் எழுதிய எதிலும் 'பயம்' என்றோ 'அழுகை' என்றோ ஒரு சொல் இல்லை. தேடிப் பார்த்தேன்.

பெரியப்பா சொன்னபடியே எல்லாவற்றையும் சந்தைக்குப் போகிற வழியில், கரையோரம் குவித்தார்கள். ஐந்து நாளில் அது ஆளுயரம் வந்தது. தகரமும் பலகையும் அடியில் போய்விட, சீலைகள், பள்ளிக்கூடப் பைகள், சப்பாத்துகள், ஒரு தொட்டில் எல்லாம் மேலே கிடந்தன. சனம் வந்து பார்த்தது. ஆனால் வாவி துப்புரவாகிறது என்று பார்க்க ஒருவரும் வரவில்லை. தங்களுடையது ஏதும் கிடக்கிறதா என்றுதான் வந்தார்கள். ஒரு மனுசி ஒற்றைச் சப்பாத்து ஒன்றை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம்வரை அங்கேயே இருந்தா.

ஆறாம் நாள் தூண்டில்காரர் நல்ல மணலை மீன்களைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். மீன் விற்கும் அக்கா ஒன்றையும் தொடவில்லை.

"ஏன், இவ்வளவும் கிடந்த தண்ணிக்குள்ளயா இத நேத்துப் பிடிச்சிங்க?"

அதுவரை வாவிக்குள் கிடப்பதைச் சனம் கண்ணால் கண்டிருக்கவில்லை. நாங்கள் எடுத்துக் காட்டிவிட்டோம். மீன்களைத் திரும்பக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

அன்றைக்கே பெரியப்பாவின் கட்டளை ஒன்று வந்தது. இனிமேல் ஆட்களின் சாமான் எதையும் குவிக்கக் கூடாது. சீலை, செருப்பு, பை, மனிசர் கையில் காலில் இருந்த எதுவானாலும் சாக்கில் சுற்றி, கண்டல் மரங்களுக்குப் பின்னால் வெட்டிய கிடங்கில் நேரே தாட்டு மூடுவது. "எழுதவும் வேணாம் புள்ள," என்றார் பெரியப்பா. "பலகையும் தகரமும் மட்டும் எழுது." இரக்கத்தால் சொன்னதா, சந்தைக்காகச் சொன்னதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மாசி மாதம் மாமா கிரானில் இருந்து வந்தார். அம்மாவின் அண்ணன். வயல் வட்டையில் அறுவடை முடிந்து, புது நெல்லரிசி ஒரு மூடை கொண்டுவந்தார். மூடையை இறக்கிவிட்டு உட்காராமலே பேசினார்.

"மச்சான், முப்பத்தொண்டாம் நாள் கழிஞ்சு எவ்வளவு நாளாப் போச்சு. ஐயரக் கூப்பிட்டுச் செய்யவேண்டியதச் செய்வம். தருப்பையில உருவம் வெச்சுச் செய்யலாமாம், நான் கேட்டுத்தான் வந்தன். இவள் கொமர்ப்புள்ள. தாய்க்கு ஒண்டும் செய்யாத வீட்டில எப்பிடி இருக்கிறது?"

அப்பா அரிசி மூடையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவட ஏதாவது ஒண்டு என்ட கையில வரட்டும் மச்சான். ஒரு செருப்பாவது. அப்ப செய்வம்."

"வராட்டி?"

"வராட்டி அவ இருக்கிறா."

மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அம்மா செத்துவிட்டாரா இல்லையா என்பதை எங்கள் வீட்டில் அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. அது அப்பாவின் கைக்குள் வரப்போகும் ஏதோ ஒரு பொருளில் போய் நின்றது. நான் ஒவ்வொரு நாளும் தோணியில் இருந்து அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், ஆறாம் கம்புக்குப் பக்கத்தில் அப்பா தங்கூசியை நிறுத்திவிட்டு, "இது வேற. விடு," என்றார். கொழுக்கிக்காரர் கொழுக்கியைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். காவலரணில் சொல்ல, ஆமிக்காரர் வந்து எடுத்தார்கள். பழைய குண்டு ஒன்று, கறள் பிடித்தது. அன்றிலிருந்து அப்பா விடு என்றால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இனி இரண்டு நாட்களைப் பற்றி எழுத வேண்டும்.

முதல் நாள் நான் அப்பாவின் தோணியில் இருந்தேன். நான்காம் கம்புக்கும் ஐந்தாம் கம்புக்கும் இடையில் தங்கூசி நின்றது. அப்பா அதைத் தளர்த்தினார். திரும்ப இழுத்தார். இன்னொரு தரம், மிக மெதுவாக. வாடைக்காற்றில் தோணி ஆடியது. கொழுக்கிக்காரர், "என்ன அண்ண?" என்றார்.

"கல்லு. விடு."

மதில்களும் கிணற்றுக் கட்டுகளும் உடைந்து விழுந்திருந்த காலம். கல் என்றதை யாரும் அதிசயமாகக் கேட்கவில்லை. நான் எழுதினேன்: நான்கு–ஐந்து: கல். விட்டது.

அன்று பின்னேரம் அப்பாவுக்குக் காய்ச்சல். அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. நான் பெரியப்பாவின் தோணியில் ஏறினேன். அவர் ஐந்தாம் கம்புக்கு அங்கால்தான் தடவினார். ஆனால் காற்று தோணியை இங்கால் தள்ளிவிட்டிருந்தது. கொழுக்கி எதிலோ கொழுவி, பாரமில்லாமல் வந்தது. சேறு வழிந்து முடிய, அது ஒரு குடை. துணி கிழிந்து, கம்பிகள் மேல்நோக்கி விரிந்து நின்றன. 'நான்கு–ஐந்து' என்று நான் எழுதிவிட்டிருந்தேன்.

பெரியப்பா கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒன்றில் பெருவிரல் நின்றது. நான் எழும்பிப் பார்த்தேன். ஐந்து சுற்று, கடைசிச் சுற்று உள்ளுக்குள் திரும்பியிருந்தது. தங்கூசிக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. நேற்றுக் கட்டியது போல இருந்தது.

"எழுதாத புள்ள."

"அப்பாட்ட..."

"சொல்லவும் வேணாம்." அவர் குடையைச் சாக்கில் சுற்றினார். ஒரு தரம் சுற்றி, அவிழ்த்து, திரும்பவும் சுற்றினார். "இதக் கண்டான் எண்டா அவன் தோணிய விட்டுத் தண்ணிக்குள்ள இறங்கிருவான். எனக்கு அவனத் தெரியும். இருக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கட்டும். கொஞ்ச நாள். நான் பாத்துச் சொல்றன்."

என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். கிடங்கில் தாட்டதையும் நான் பார்த்தேன். அந்தச் சாக்கை மட்டும் அவர் எறியவில்லை, இறங்கி வைத்தார். மற்றவர்களின் சாமான்களுக்கு நான் கொப்பியில் இடம் விட்டதில்லை. இதற்கு 'நான்கு–ஐந்து' என்பதன் பக்கத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டேன்.

சித்திரையில் துப்புரவு வேலை முடிந்தது. சனம் மெல்ல மெல்ல மீன் வாங்கத் தொடங்கியது. நாங்கள் அள்ளியதாலா, பசி வந்ததாலா, தெரியாது. கம்புகளைப் பிடுங்கினார்கள். நான்காவதையும் ஐந்தாவதையும் பிடுங்க அப்பா விடவில்லை. தனக்கு அங்கே கொடுவா படுகிறது என்றார். ஒவ்வொரு வெள்ளியும் அவற்றுக்கு நடுவே தோணியை நிறுத்தி, இரை குத்தாத தங்கூசியில் ஈயத்தை இறக்கி இழுத்துக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவர் ஊர் ஊராகத் தேடத் தொடங்கினார். களுதாவளையில் புத்தி தடுமாறிய ஒரு பெண் கோயில் வாசலில் இருக்கிறாளாம் என்று கேள்விப்பட்டுப் போனார். ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். திரும்பவும் சண்டை தொடங்கி வாகரைச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, முகாம் முகாமாக அம்மாவின் அடையாள அட்டைப் பிரதியோடு நின்றார். யுத்தம் முடிந்த வருடம் வடக்கில் முள்வேலி முகாம்கள் இருந்தன அல்லவா, அங்கேயும் பஸ் ஏறினார். கடல் கொண்டுபோன ஆளை அங்கே ஏன் தேடுகிறார் என்று ஊரில் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னிடம் சொன்ன 'கொஞ்ச நாள்' முடியவேயில்லை. சில வருடங்களுக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். என் சத்தியத்தை அவர் திருப்பித் தரவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முதல் வருடம் சத்தியம். பிறகு, முதல் வருடம் ஏன் சொல்லவில்லை என்று அப்பா கேட்பாரே என்பது. அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் செய்யாத வீட்டிலேயே என் கலியாணமும் நடந்தது. மாமா வந்து, வாசலில் நின்று அரிசி தூவிவிட்டுப் போனார்.

போன மாதம் கொப்பியை விரித்தபோதுதான் அந்த இரண்டு வரிகளையும் ஒன்றாகப் பார்த்தேன். நான்கு–ஐந்து: கல். விட்டது. அடுத்த நாள், நான்கு–ஐந்து, வெறுமை. எழுதியவள் நான். இருபது வருடம் கண்ணில் படவில்லை. கொழுக்கி அந்த இடத்தில் பாரமில்லாமல்தான் வந்தது. அங்கே கல் இருக்கவில்லை.

அப்பா கிணற்றடியில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, விரல் வேலை செய்கிறது. நான் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அப்பா, நாலாம் கம்புக்கும் அஞ்சாம் கம்புக்கும் நடுவில கல்லு எண்டு சொன்னீங்க."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு வெங்காயம் முடிந்தது.

"எட்டுக் கம்பி," என்றார். "ஒவ்வொண்டா எண்ணினன். ஒண்டில ஈயம் தட்டி நிண்டுது. முடிச்சில."

"ஏன் சொல்லல்ல?"

"என்ட கையில வந்தா செய்வம் எண்டு உன்ட மாமாக்குச் சொல்லிப்போட்டனே மகள். வந்திட்டுது. அண்டைக்குச் செய்ய ஏலாமக் கிடந்துது. அது அங்க கிடக்கட்டும், கொஞ்ச நாள் கழிச்சு நானே எடுப்பன் எண்டு நினைச்சன்." தோல்களைக் கையால் ஒதுக்கினார். "பிறகு போய்த் தடவினன். இல்ல. அடுத்த கிழமையும் இல்ல. அப்ப நான் பிழையாத் தடவியிருக்கிறன் எண்டு நினைச்சன். அது அவட குடை இல்ல எண்டால் அவ இருக்கலாம்தானே."

நான் சொன்னேன். பெரியப்பாவின் தோணி, கொழுக்கி, சாக்கு, கிடங்கு. எழுதிய வரிசையிலேயே சொன்னேன். நான் முடித்த பிறகு அப்பா வலது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, காற்றில் கொஞ்ச தூரம் இழுத்தார்.

"அண்ணன் கண்டவர்."

"ஓம் அப்பா."

"முடிச்சு இருந்துதா?"

"இருந்துது. அஞ்சு சுத்து. அவிழல்ல."

அவர் தலையாட்டினார். உரித்த வெங்காயத்தை என் கையில் தந்துவிட்டு எழும்பினார்.

"நாளைக்கு ஐயரக் கண்டிட்டு வா. மாமாக்கும் சொல்லு. அவருக்கும் வயசு போயிட்டு, கிரானில இருந்து வரவேணும்."

அன்று பின்னேரம் மேசைக்கு முன்னால் இருந்து, வெறுமையாக விட்ட அந்த வரியில், அன்றைய மாதிரியே நீல மையில் எழுதினேன்:

நான்கு–ஐந்து: குடை, ஒன்று. கறுப்பு. ஒரு கம்பியில் தங்கூசி முடிச்சு. எடுத்தது.